ஜெபிக்கத் தேவையில்லாத காரியம்

ஜெபக்காரரின் தொண்டையில் ஆபரேஷன் நடந்த பிறகுதான் அந்த வீட்டில் எல்லாரும் சூடாகச் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

அதற்கு முன்பெல்லாம் தட்டு வைத்ததும் அவர் கண்ணை மூடுவார். சபையில் படுத்த படுக்கையாக இருப்பவர்கள், வேலை தேடுகிறவர்கள், தூர தேசத்துச் சண்டையில் மாட்டிக்கொண்டவர்கள், கோபித்துக்கொண்டு ஆராதனைக்கு வராமல் இருப்பவர்கள் என்று உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் தட்டுக்கு வந்து சேருவார். அதற்குள் சாப்பாடு ஆறிப்போயிருக்கும். அவர் ஜெபித்தால் பசியே மறந்துபோகும் என்று சபையில் சொல்வார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த அளவுக்கு மறந்ததில்லை.

குரல் நாணில் கட்டி. கெட்ட கட்டி இல்லை என்று போன வாரம் தெரிந்து, எல்லாரும் மூச்சு விட்டார்கள். ஆனால் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: நான் சொல்கிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது.

அதனால் இப்போது எதுவானாலும் போனில் எழுதிக் காட்டுகிறார். அதில் ஒரு சங்கடம். ‘கர்த்தர் எனக்கு உணர்த்தினார்’ என்று அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னால் வீட்டில் மறுபேச்சு கிடையாது. அதையே சின்னத் திரையில் எழுத்துப் பிழையோடு படிக்கும்போது அந்த எடுப்பு இல்லை.

அவருடைய மனைவிக்குச் சபையில் ஆமென் அக்கா என்று பெயர். கணவர் ஜெபித்து முடிக்கும்போது முதல் ஆமென் அவளுடையதுதான். கூட்டத்தில் மற்றவர்கள் அவள் குரலைக் கேட்டுத்தான் கண்ணைத் திறப்பார்கள். அந்த ஒரு சொல்லுக்கு மேல் அவள் வாயைத் திறந்து ஜெபித்து யாரும் கேட்டதில்லை. பெண்கள் கூட்டத்தில் வற்புறுத்தினால்கூட, “எங்க வீட்ல அவர் ரெண்டு பேருக்கும் சேர்த்தே பண்ணிடறாரு” என்று சிரித்து நழுவிவிடுவாள்.

அதே அக்காவை அவர்களுடைய வண்டிப் பட்டறைக் கவுன்டரில் பார்க்க வேண்டும். வண்டி இன்னும் ஏன் தயாராகவில்லை என்று குதித்துக்கொண்டு வருகிறவர்கள், போகும்போது அவளுடைய கால்வலிக்கு எந்த மருந்து நல்லது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மனிதர்களிடம் வாயாடத் தெரிந்த அவளுக்கு ஆண்டவரிடம் மட்டும் ஆள் வைத்துப் பேசித்தான் பழக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை போதகர் சொன்ன ஒன்று அவளுக்குள் முள்ளாகக் கிடந்தது.

“அஸ்திவாரம் முக்கியம்தான். ஆனா அஸ்திவாரத்துல யாரும் பாயை விரிச்சுப் படுக்கறதில்லை. சுவர் எழும்பணும், கூரை வரணும். சிலர் வருஷா வருஷம் போட்ட அஸ்திவாரத்தையே தோண்டித் தோண்டி மறுபடி போட்டுக்கிட்டு இருக்கோம். குடியேறறது எப்போ?”

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மனந்திரும்பி, விசுவாசித்து, ஞானஸ்நானம் எடுத்தபோது அவளுக்குத் தலையில் இரட்டைப் பின்னல். இப்போது பேரப்பிள்ளை எதிர்பார்க்கும் வயது. ஒவ்வொரு புது வருஷ ஆராதனையிலும் அதே கண்ணீர், அதே ஒப்புக்கொடுத்தல். நடுவில் என்ன கட்டினோம் என்று யோசித்தால் கையில் ஒரு செங்கல்கூட அகப்படவில்லை.

இந்த நினைப்போடுதான் அன்று காலையில் கவுன்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கீழே பட்டறை, மேலே வீடு. மகன் ஒரு ரொட்டி வேனுக்கு அடியிலிருந்து எழுந்து வந்து, கந்தல் துணியை அவள் முன்னால் விரித்தான். உள்ளே ஒரு இரும்புத் தகடும், அதிலிருந்து முழுசாகக் கழன்றுபோன கறுப்பு வில்லை ஒன்றும் கிடந்தன.

“என்னடா இது?”

“பிரேக் பேட். அழுத்தினா கரகரங்குதுன்னு டிரைவர் கொண்டு வந்தாரு. தேய்ஞ்சிருக்கும்னு நினைச்சேன். தேயவே இல்லம்மா. ஒட்டின பசை விட்டு அப்படியே உரிஞ்சு வந்திருக்கு.”

“நாம போட்டதா?”

“நாமதான். மூப்பர் கடைச் சரக்கு.”

மூப்பர் என்பவர் சபையை நடத்தும் பெரியவர்களில் ஒருவர். வெளியில் வண்டி உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். ஜெபக்காரருக்கு உயிர்த்தோழர். வெள்ளிக்கிழமை தவறாமல் இருவரும் ஒரே பாயில் முழங்கால் போடுகிறவர்கள். அவர் கடையைத் தாண்டி இந்தப் பட்டறைக்கு ஒரு திருகாணிகூட வந்ததில்லை.

“சரி, வேற மாத்திக் கொடு. காசு கேக்காத.”

மகன் நகரவில்லை. துணியில் கையைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

“அதே சரக்குலதான் லீவுல ஸ்கூல் வேனுக்கும் போட்டேன்.”

அவள் கையிலிருந்த துணி நின்றது.

“எத்தனை வேனுக்கு?”

“நாலுக்கும்.”

அந்தப் பள்ளிக்கூடம் மேட்டின் மேல் இருக்கிறது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கீழே இறங்க ஒரே சாலை. அதில் இரண்டு வளைவு. இரண்டாவது வளைவுக்குக் கீழே ரயில் பாதை. அவள் அந்தச் சாலையை ஒரு நொடி மனசுக்குள் இறங்கிப் பார்த்தாள்.

“எல்லாமே உரியும்னு சொல்ல முடியுமா?”

“சொல்ல முடியாது. ஒண்ணு உரிஞ்சிருக்கு, அவ்வளவுதான் தெரியும். கழட்டிப் பாக்காம மத்ததைப் பத்தி எதுவும் சொல்ல முடியாதும்மா. மச்சானுக்கு போன் பண்ணியாச்சு. கிளம்பி வர்றாரு.”

மகளைக் கட்டிய மாப்பிள்ளைதான் அந்தப் பள்ளியில் வேன்களுக்குப் பொறுப்பு. மாமனார் பட்டறைக்கே வேலையைக் கொடுக்கிறாரே என்று பள்ளி நிர்வாகக் குழுவில் சிலர் முணுமுணுத்தபோது, ‘இவர்களை விட ஒழுங்காக யாரும் செய்ய மாட்டார்கள், நான் பொறுப்பு’ என்று எழுந்து நின்று சொன்னவர் அவர். அதிலும் மகளுக்கு இது ஏழாம் மாதம்.

“அப்பாகிட்ட காட்டலாம், வா” என்று மாடிக்கு நடந்தாள்.

ஜெபக்காரர் ஜன்னலோரம் நாற்காலியில் வேதத்தை விரித்து வைத்திருந்தார். மகன் சொன்னதைக் கேட்டார். தகட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். இதே பட்டறையில் முதுகு வளைய உழைத்த மனிதர். பார்த்ததும் முகம் சுண்டிப்போயிற்று. வெகு நேரம் போனில் தட்டினார். பிறகு நீட்டினார்.

‘அவசரபட வேண்டாம். ஜெபிப்போம். கர்த்தர் வழி காட்டுவார். 3 நாள் உபவாசம்.’

மாப்பிள்ளை அதற்குள் மூச்சு வாங்க மேலே வந்துவிட்டார். தகட்டை அவர் தொடவே இல்லை. தூரத்திலிருந்து, பாம்பைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். மாமனார் காட்டிய திரையைப் படித்ததும் தோள் இறங்கியது.

“மாமா சொல்றதுதான் சரி. பதறிப்போய் ஏதாவது செஞ்சா எல்லாம் கெட்டுப்போகும். எனக்கு ஒரு யோசனை தோணுது, அத்தை. இலவச சர்வீஸ்னு சொல்லி நாளையில இருந்து ஒவ்வொரு வேனா இங்க அனுப்பிடறேன். மச்சான் சத்தமில்லாம பேடை மாத்திடட்டும். வாரம் முடியறதுக்குள்ள வேலை முடிஞ்சிரும். யாருக்கும் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, யாருக்கும் கெட்ட பேரும் இல்லை.”

ஜெபக்காரர் தலையாட்டினார். ‘நல்ல யோசனை’ என்று எழுதினார்.

மகன் அம்மாவைப் பார்த்தான்.

அவளுக்கும் அந்த யோசனை முதலில் பிடித்துத்தான் இருந்தது. யாரும் அடி வாங்காமல் எல்லாம் சரியாகிவிடும். மகள் நிம்மதியாகப் பிள்ளை பெறுவாள். தினமும் செய்கிற மாதிரி ஆமென் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டால் போதும். அந்தச் சொல் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது.

ஆனால் வந்தது வேறு.

“இன்னைக்குச் சாயங்காலம் பிள்ளைங்க எதுல வீட்டுக்குப் போகும்?”

கீழே யாரோ ஸ்பேனரைத் தரையில் போட்ட சத்தம் கேட்டது.

“ஒரு நாள்ல என்ன ஆயிடப் போகுது அத்தை? இத்தனை நாள் ஓடியிருக்கே.”

“ரொட்டி வேனும் இத்தனை நாள் ஓடிச்சு மாப்பிள்ளை.”

ஜெபக்காரர் கையை உயர்த்தினார். பொறு என்று அர்த்தம். கண்ணை மூடச் சொல்லிச் சைகை காட்டினார். முதலில் ஜெபம்.

“என்னங்க, இது ஜெபிக்கத் தேவையில்லாத காரியம்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. அந்த வீட்டுச் சுவர்கள் அப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்டதில்லை. மகன் வாயைப் பிளந்தான். ஜெபக்காரரின் உயர்த்திய கை அந்தரத்தில் நின்றது.

சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் எண்ணம் அவளுக்கு வரவில்லை. அதுதான் அவளுக்கு ஆச்சரியம்.

“ஜெபம் வேணாம்னு சொல்லலை. தெரியாததைக் கேக்கலாம். இதுல தெரியாதது என்ன இருக்கு? பிள்ளைங்க போற வண்டியில பிரேக் மேல சந்தேகம் வந்தா நிறுத்தணும். இதை ஆண்டவர் புதுசா வந்து சொல்லணுமா? சின்னப் பிள்ளையில ஞாயிறு பள்ளியிலயே சொல்லிக் கொடுத்துட்டாரு. நாம கேக்காத மாதிரி இருந்துக்கிட்டு, வழி காட்டுங்க வழி காட்டுங்கன்னு அவரையே குடையறோம்.”

“அத்தை, என் வேலை...”

“தெரியுது மாப்பிள்ளை. உங்க வேலை போனா என் மக வீடும்தான் ஆடும். அது எனக்கு வலிக்காம இல்லை.” அவள் குரல் கவுன்டர் குரலாக மாறியிருந்தது, நிதானமாக, வளைக்க முடியாததாக. “பெரியம்மாகிட்ட இன்னைக்கே சொல்லியாகணும். நீங்க போய்ச் சொன்னா அது உங்க நேர்மை. நான் போய்ச் சொன்னா உங்க மேல புகார். எது வேணும், சொல்லுங்க.”

பெரியம்மா என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரும் சொல்வது தலைமை ஆசிரியையை.

மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தார். ஜெபக்காரர் ஏதோ தட்டினார், அழித்தார். மறுபடி தட்டினார், மறுபடி அழித்தார். கடைசியில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து மகள் போனில் அழைத்தாள். மாப்பிள்ளை வரும் வழியிலேயே சொல்லியிருப்பார் போல.

“அம்மா, அவர் வேலை போயிடும்மா. அப்பா ஜெபம் பண்ணிட்டுச் சொல்லட்டும், அதுவரைக்கும் சும்மா இரு.”

“போகலாம்டி. போகாமலும் இருக்கலாம்.”

“நீ யார் பக்கம்?”

“உன் பக்கம்தான். நாளைக்கு உன் பிள்ளையும் ஏதாவது ஒரு வேன்ல ஏறும். அன்னைக்கு எவனாவது, ஒரு நாள்ல என்ன ஆயிடப் போகுதுன்னு சொன்னா நீ என்ன செய்வே?”

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, “அவரைத் தனியா அனுப்பாத. கூடப் போ” என்றாள்.

“போறேன். நீ ஏதாவது சாப்பிட்டுப் படு.”

மாப்பிள்ளை எழுந்து நின்று சட்டையைச் சரிசெய்துகொண்டார். முகத்தில் ரத்தம் இல்லை. “போகலாம் அத்தை” என்றவர், படியில் இறங்கப் போய் நின்றார். “ஒரு ஜெபம் மட்டும்... பண்ணிட்டுப் போகலாமா?”

எல்லாரும் பழக்கத்தில் ஜெபக்காரரைப் பார்த்தார்கள். அவர் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். அறையில் இருந்த மூன்று ஆண்களும் அதற்குப் பிறகு அவளைப் பார்த்தார்கள்.

அலங்காரமான வார்த்தைகள் அவரிடம்தான் இருந்தன. அவளிடம் ஒன்றும் இல்லை. இருந்ததைக் கொண்டு பேசினாள்.

“ஆண்டவரே, என்ன செய்யணும்னு கேக்க வரலை. அது தெரியும். செய்யப் பயமா இருக்கு. பிள்ளைங்களைப் பத்திரமா வெச்சுக்குங்க. மாப்பிள்ளைக்கு வாய் குழறாம இருக்கட்டும். எனக்கும் காலு நடுங்குது, கூட வாங்க.”

அவ்வளவுதான். முடிந்துவிட்டது என்பதே மற்றவர்களுக்குப் புரியவில்லை. வழக்கமாக ஆமென் சொல்கிற ஆளே ஜெபித்துவிட்டதால் அதைச் சொல்ல ஆள் இல்லை. அதையும் அவளே சொல்லிக்கொண்டாள்.

தலைமை ஆசிரியையின் அறையில் காற்றாடி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. பெரியம்மா மெலிந்த உருவம், மெல்லிய குரல். சத்தம் போடாமலே ஒரு பள்ளிக்கூடத்தை நடத்துகிறவர்.

“வழக்கமான ஒரு சர்வீஸ் விஷயமா...” என்று மாப்பிள்ளை ஆரம்பித்தார். நாக்கு பழைய யோசனைப் பக்கமே சரிந்தது. அவர் ஓரக்கண்ணால் அத்தையைப் பார்த்தார். அவள் முகத்தில் எதையும் காட்டாமல், சுவரில் மாட்டியிருந்த உலகப் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த இடத்தில் கைகொடுத்தால் அது அவளுடைய வார்த்தையாகிவிடும்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இல்லைங்க. வழக்கமானது இல்லை. நம்ம வேன்கள்ல போட்டிருக்கிற பிரேக் பேட் சரியில்லைன்னு சந்தேகம் வந்திருக்கு. போட்டது என் மாமனார் பட்டறைதான். நாலு வேனையும் இப்பவே நிறுத்தணும்.”

பெரியம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“எப்போ தெரியும்?”

“காலையில.”

“இப்போ மத்தியானம் ஆச்சே.”

“ஆமாங்க.” அதற்குமேல் அவர் காரணம் தேடவில்லை.

பெரியம்மா மணியை அழுத்தினார். ஒரே மூச்சில் காரியங்கள் நடந்தன. வேன் சாவிகள் மேஜைக்கு வந்தன. பிள்ளைகளை நேரில் வந்து அழைத்துப் போகும்படி எல்லாப் பெற்றோருக்கும் செய்தி போனது. வேறொரு பட்டறையிலிருந்து ஆள் வந்து பார்க்க வேண்டும், இவர்களும் கூட இருக்கலாம் என்று முடிவானது.

“உங்க வேலை விஷயம் நாளைக்குக் குழு கூடிப் பேசும். நான் இப்போ எந்த வாக்கும் கொடுக்க முடியாது” என்றார் மாப்பிள்ளையிடம். “இன்னைக்கு நீங்க கேட்ல நில்லுங்க. வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் காரணத்தை நீங்களே சொல்லுங்க. பூசி மெழுக வேண்டாம்.”

பள்ளி விட்டதும் கேட் திருவிழாக் கூட்டமாயிற்று. பாதி வேலையில் ஓடி வந்தவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள், கார் நிறுத்த இடமில்லாமல் ஹாரன் அடித்தவர்கள். மாப்பிள்ளை ஒவ்வொருவரிடமும் அதே நாலு வரியைச் சொன்னார். முதல் பத்துப் பேரிடம் குரல் உடைந்தது. அப்புறம் பழகிவிட்டது.

“மாமனார் பட்டறைக்குத் தூக்கிக் கொடுத்தா இப்படித்தான் ஆகும்” என்று ஒருவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

ஆமென் அக்காவுக்கு நாக்கு துறுதுறுத்தது. கவுன்டராக இருந்தால் அந்த ஆளை இரண்டு வாக்கியத்தில் உட்கார வைத்திருப்பாள். ஆனால் அந்தப் பேச்சில் பாதி நியாயம் இருந்தது. கேட்டுக்கொண்டாள். மாப்பிள்ளையும், “நீங்க கோபப்படறது சரிதான்” என்று மட்டும் சொன்னார். காது மடல் சிவந்திருந்தது. தலை மட்டும் குனியவில்லை.

பின்பக்க மைதானத்தில் மகன் ஜாக்கி போட்டு வேனைத் தூக்கியிருந்தான். வெளிப் பட்டறைக்காரர் பக்கத்தில் குந்தியிருந்தார். நான்கு டிரைவர்களும் பெரியம்மாவும் சுற்றி நின்றார்கள்.

முதல் வேனில் பேட்கள் நன்றாக இருந்தன. வெளிப் பட்டறைக்காரர் தட்டிப் பார்த்து, “கெட்டியா இருக்கே” என்றார். இரண்டாவதும் அப்படியே.

கேட் வேலையை முடித்துவிட்டு வந்த மாப்பிள்ளை அதைக் கேட்டார். முகம் கோணிக்கொண்டது.

“ஒண்ணும் இல்லையே அத்தை.” அவர் குரலில் அழுகையும் கோபமும் ஒன்றாகக் கலந்திருந்தன. “ஊரைக் கூட்டி, வேலையைப் பணயம் வெச்சு... ஒண்ணுமே இல்லையே.”

“ஒண்ணும் இல்லைன்னா சந்தோஷம்தானே மாப்பிள்ளை.”

“உங்களுக்குச் சந்தோஷம். நாளைக்குக் குழு முன்னாடி நிக்கப்போறது நான்.”

நான்கு வண்டியும் நன்றாக இருந்து, ஊர் சிரித்து, மருமகன் ஜென்மத்துக்கும் அவளை மன்னிக்காமல் போனால்கூடக் காலையில் எடுத்த முடிவு சரிதான் என்பதில் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. இந்தத் தெளிவு அவளுக்குப் புதிது. யாரிடமும் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் போலக்கூட இல்லை.

மூன்றாவது வேனின் சக்கரத்தை மகன் கழற்றினான். பேடை வெளியே எடுத்து, ஓரத்தில் நகத்தை வைத்து லேசாக நெம்பினான். கறுப்பு வில்லை தகட்டிலிருந்து பிரிந்து அவன் உள்ளங்கையில் விழுந்தது.

வெளிப் பட்டறைக்காரர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுப் பெரியம்மாவின் பக்கம் நீட்டினார்.

அந்த வேனின் டிரைவர் நடு வயதுக்காரர். காலையில் அந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்றி வந்தவர். அவர் மெல்ல மண்ணில் உட்கார்ந்துவிட்டார். “இதுலதானே இறங்கியிருப்பேன்” என்றார், யாரிடமும் இல்லாமல். “பாட்டுப் பாடிக்கிட்டே வருவாங்க. இதுலதான் இறங்கியிருப்பேன்.”

மாப்பிள்ளை ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து அவர் வாயில் புகட்டினார். பிறகு அவர் பக்கத்திலேயே, இஸ்திரி போட்ட பேன்ட்டோடு, மண்ணில் உட்கார்ந்துகொண்டார்.

ஆமென் அக்காவுக்கு ஜெயித்த மாதிரி இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் தானாக வந்தது. வாய்க்குள்ளே நன்றி, நன்றி என்று மட்டும் வந்தது.

வீடு திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. மாப்பிள்ளை அவளை வாசலில் இறக்கிவிட்டார். கிளம்பும்முன் வண்டிக் கண்ணாடியை இறக்கினார்.

“நாளைக்கு வேலை இருக்குமான்னு தெரியலை. ஆனா இன்னைக்கு வீட்டுக்குப் போய் அவ முகத்தைப் பாக்க முடியும், அத்தை.”

“போங்க. அவ காத்துக்கிட்டிருப்பா.”

மாடியில் ஜெபக்காரர் அதே நாற்காலியில் இருந்தார். மகன் போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். அவள் எதிரில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டதும், அவர் போனை நீட்டினார். வெகு நேரம் முன்பே எழுதி வைத்திருப்பார் போல.

‘நான் ஜெபம்னு சொன்னேன். உள்ளே இருந்தது பயம். மகளை நினைச்சு.’

அவள் இரண்டு தடவை படித்தாள். இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் இப்படி ஒரு வரி பேசியதில்லை. குரல் இருந்திருந்தால் பேசியிருப்பாரா என்பதும் சந்தேகம்தான்.

“எனக்கும் பயம்தாங்க. காலையில ஜெபம் பண்ணும்போது கேட்டீங்கல்ல, காலு நடுங்குதுன்னு வேற சொல்லி வெச்சேன்.”

அவர் தோள் குலுங்கியது. சத்தமில்லாமல் சிரித்தார். பிறகு எழுதினார்: ‘சின்ன ஜெபம்.’

“பெருசு பண்ண நீங்க இருக்கீங்களே. சீக்கிரம் தொண்டை சரியாகட்டும். ஆனா இனிமே எனக்கும் ஒரு பங்கு வேணும்.”

அவர் தலையை ஆட்டினார். ஜன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை. அவளைப் பார்த்துத்தான் ஆட்டினார்.

படியில் யாரோ ஏறி வரும் சத்தம். கனமான, தயங்கித் தயங்கி வரும் காலடி. கதவைத் திறந்தால் மூப்பர் நின்றார். சாயங்கால வெளிச்சத்தில் அவர் முகம் சாம்பலாக இருந்தது.

“ஸ்தோத்திரம் அக்கா. விஷயம் கேள்விப்பட்டேன். அண்ணன்கூடக் கொஞ்சம் தனியா ஜெபிக்கணும்.”

அவள் கணவரைப் பார்த்தாள். ஜெபக்காரர் எழுந்தார். ஓரத்தில் கிடந்த இன்னொரு நாற்காலியை இழுத்து, தன் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு, அதில் உட்காரும்படி அவளுக்குக் கை காட்டினார். மூப்பருக்கு எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டினார்.

மூப்பர் உட்காரவில்லை. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார்.

“என் கடைப் பேரை ஸ்கூல்ல சொல்லியாச்சா அக்கா?”

“கேட்டாங்க, சொன்னோம்.”

“சொல்லியிருக்க வேண்டாம்னு நான் சொல்ல வரலை...” அவர் நிறுத்தினார். மூச்சை இழுத்துவிட்டார். “அந்தச் சரக்கு வந்த அன்னைக்கே விலை ரொம்பக் கம்மியா இருக்கேன்னு தோணிச்சு. விசாரிக்காம விட்டுட்டேன். உங்களுக்குக் கொடுத்தது கொஞ்சம்தான். மிச்சத்தை வேற பட்டறைங்க வாங்கிட்டுப் போனாங்க. எல்லாருக்கும் போன் பண்ணிட்டேன், கழட்டச் சொல்லிட்டேன். ஒரு இடம் மட்டும் போனை எடுக்க மாட்டேங்குது.”

“எந்த இடம்?”

“ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கே, அந்தப் பட்டறை.” மூப்பரின் குரல் அடங்கியது. “ஆம்புலன்ஸ் வண்டிங்க எல்லாம் அங்கதான் வேலைக்குப் போகும்.”

அவள் எழுந்தாள். ஏதோ சொல்லக் கணவர் பக்கம் திரும்பினாள்.

அவர் ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டு, வண்டிச் சாவியோடு படியில் இறங்கிக்கொண்டிருந்தார்.